பரவாயில்லைக்கு எத்தனை மார்க்கு?

"எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்கு இன்றைக்கும் தயக்கம்தான். "பரவாயில்லை" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சொன்ன அடுத்த நொடியே, இது எந்தப் பரவாயில்லை, இரண்டாம் நம்பரா மூன்றாம் நம்பரா என்று மனசு ஆராய ஆரம்பித்துவிடும். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் இந்த வியாதி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

போன மாதம் எங்கள் பழைய மையத்தில் ஏதோ விழா என்று கூப்பிட்டார்கள். போனேன். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண்கள் கையில் ஆளுக்கொரு போன். அதில் வரிசையாக ஐந்து முகம், பல்லைக் காட்டுகிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை. வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் எந்த முகத்தைத் தொடுகிறாரோ அதுதான் அவருடைய வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதற்கு மார்க்கு. "சிஸ்டர், எல்லாரும் நடு முகத்தையே தொடறாங்க, ஏன்னு தெரியல" என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உட்காரு கண்ணு, அது பெரிய கதை, சொல்றேன்" என்றேன். அவளுக்கு டூட்டி மணி அடித்துவிட்டது, ஓடிவிட்டாள். அதனால் உங்கள் தலையில் கட்டுகிறேன்.

என்னைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் ஸ்டெல்லா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். நர்சிங் படித்தேன், ஊசி போடவும் சுருக்கமில்லாமல் படுக்கை விரிக்கவும் கற்றேன், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கால் தேய நடந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் இந்தச் சின்ன மையத்துக்கு வந்து சேர்ந்தேன். இனிமேல் குணமாகாது என்று மற்ற டாக்டர்கள் கைவிட்டவர்களுக்கு வலியாவது இல்லாமல் பார்த்துக்கொள்கிற இடம். அப்போது அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. "குணமாகாதுன்னா அப்புறம் எதுக்குடி ஆஸ்பத்திரி?" என்று என் சொந்த அக்காவே கேட்டாள்.

எங்கள் தலைவி டாக்டர் நாகவேணி. கன்னடக்காரர், எங்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத பருத்திப் புடவை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் சொல்வது பிடிக்கவில்லை என்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அவ்வளவுதான். கடிகாரம் மேசைக்கு வந்துவிட்டால் நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தான் நினைத்தது தவறென்று தெரிந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கட்டிக்கொள்வார். உலகத்தில் எதையும் அளந்துவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. "நோடி, பாருங்க சிஸ்டர், அளக்காம சொன்னா அது வம்பு. அளந்து சொன்னா அது விஞ்ஞானம்" என்பார். எனக்கு வம்புதான் நன்றாக வரும்.

மையத்தில் இருந்த கட்டில்களில் ஒன்றுக்கு ஓய்வுக் கட்டில் என்று பெயர். வீட்டில் நோயாளியைக் கவனிக்கிறவர் ரொம்பவே ஓய்ந்து போய்விட்டால், நோயாளியைக் கொஞ்ச நாள் அந்தக் கட்டிலில் வைத்து நாங்கள் பார்த்துக்கொள்வோம். வீட்டிலிருப்பவர் தூங்கி எழுந்து தெம்பாகிக் கூட்டிக்கொண்டு போவார். கட்டில் ஒன்று, ஓய்ந்து போனவர்கள் ஊர் முழுக்க. யாருக்குக் கொடுப்பது என்று நியாயமாக முடிவு செய்யத்தான் டாக்டரம்மா வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தபோது ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்தார். கவனிப்பவரின் வாழ்க்கைத் தரத்தை அளக்கிற தாள். யாருக்கு மார்க்கு ரொம்பக் குறைவோ அவருக்குக் கட்டில்.

முதல் தொல்லை அந்த 'வாழ்க்கைத் தரம்' என்ற வார்த்தையால் வந்தது. "உங்க வாழ்க்கைத் தரத்தை அளக்க வந்திருக்கோம்" என்று சொன்னால் சனங்கள் எங்களை ரேஷன் கார்டை ரத்து செய்ய வந்த ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். தேவராஜ மொஹல்லாவில் ஒரு வீட்டில் நான் அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அந்த அம்மா விடுவிடுவென்று உள்ளே போய் டிவிமேல் ஒரு கம்பளியைப் போட்டு மூடிவிட்டு வந்தார். கம்பளிக்குள் கன்னடச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா அது சத்தம்?" என்றேன்.

"மாமனாரு சிஸ்டர். படுத்திருக்காரு, ஏதோ புலம்பறாரு."

மாமனார் எனக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான் எப்ப புலம்பினேன்?" என்றார்.

அந்த வார்த்தையை அன்றோடு விட்டோம். சாதாரணமாகக் கேட்போம் என்றார் டாக்டரம்மா. உடம்பு எப்படி இருக்கு, தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி, நாலு பேரைப் பார்த்துப் பேச முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம். எங்கே டிக் போடுவது என்று அவர்கள் சொல்ல வேண்டும். எளிதுதானே? நானும் என்னோடு வந்த இன்னொரு நர்ஸ் சுகுணாவும் இரண்டு வாரம் வீடு வீடாக அலைந்தோம். எல்லா வீட்டிலும், எல்லாக் கேள்விக்கும், ஒரே பதில். தமிழர் வீட்டில் பரவாயில்லை. கன்னடர் வீட்டில் பரவாகில்லா. இந்த ஒரு வார்த்தையில் மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் தகராறே கிடையாது. ஆனால் அந்த வார்த்தைக்கு டாக்டரம்மாவின் தாளில் கட்டம் இல்லை.

"பரவாயில்லைன்னா நன்றா, மோசமா?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டும்தான் டாக்டர்" என்றேன்.

"ரெண்டும் எப்படி இருக்க முடியும்?"

"கால் மிதிச்சுட்டா பரவாயில்லைன்னுதான் சொல்றோம். வலிக்கலைன்னா அர்த்தம்?"

அவர் கை கடிகாரத்தின் வாரில் போய் நின்றது. கழற்றவில்லை. "அப்ப பரவாயில்லையையே அளந்துடுவோம்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

அதற்கப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டம். நடுவில் சுருமுரி என்று எங்கள் ஊர்க் காரப்பொரி ஒரு பொட்டலம், சுற்றிலும் நாங்கள் மூன்று பேர். வீடுகளில் கேட்ட பரவாயில்லைகளை நானும் சுகுணாவும் அப்படியே நடித்துக் காட்டுவோம். டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை, பெருமூச்சோட" என்பார். இப்படி ஒரு மாதம் மண்டையை உடைத்து நாலு ரகம் பிரித்தோம். கேள்வி முடிவதற்குள் சட்டென்று வந்து, முகமும் நம்மைப் பார்த்தால் அது முதல் நம்பர், நன்று. பெருமூச்சுக்குப் பிறகு வந்தால் இரண்டாம் நம்பர், சுமார். சொல்லும்போது கண் நோயாளியின் கட்டில் பக்கம் போய்விட்டுத் திரும்பினால் மூன்றாம் நம்பர், மோசம். "பரவாயில்லை சிஸ்டர், காபி சாப்பிடறீங்களா?" என்று பேச்சை மாற்றினால் நாலாம் நம்பர், மிக மோசம். அதனால் கேள்வி எல்லாம் முடிகிறவரை எந்த வீட்டிலும் காபியைக் கையால் தொடக் கூடாது என்று விதி. தலையாட்டக் கூடாது, "அடடா" சொல்லக் கூடாது, அவர்களைவிட உயரமாக உட்காரக் கூடாது. பாதி வீட்டில் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து என் முட்டி போனதுதான் மிச்சம்.

இந்தப் பைத்தியம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. "குழம்பு எப்படி?" என்று கேட்பேன். "பரவாயில்லை" என்பார் என் வீட்டுக்காரர். "கண்ணு ஏன் அடுப்பு பக்கம் போயிட்டு வந்தது? மூணாம் நம்பர்தானே?" என்று பிடித்துக்கொள்வேன். அவர் பாவம், கொஞ்ச நாளில் குழம்பைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இப்படி எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தபோதுதான் சின்னராசு வந்து சேர்ந்தார்.

கொள்ளேகால் தாண்டி ஹனூர்ப் பக்கத்து ஆள். பேச்செல்லாம் கொங்குத் தமிழ். மார்க்கெட் பின்சந்தில் ஒரே அறை வீட்டில் உட்கார்ந்து பூக்கடைக்குச் சரம் கட்டிக் கொடுப்பார். மனைவி பழனியம்மாவுக்கு நஞ்சன்கூட்டில் பேக்டரி வேலை, விடியற்காலை ரயிலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நோயாளி, பழனியம்மாவின் அம்மா காளியம்மா. வயிற்றில் கட்டி. எழுந்து நடக்க முடியாது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் காலையிலும் மாலையிலும் மகள். மற்றபடி கஞ்சி, மாத்திரை, தண்ணீர், ராத்திரிக் காவல் எல்லாம் மருமகன் சின்னராசு தலையில். பெண்டாட்டி ராத்திரி தூங்கினால்தான் ரயிலைப் பிடிக்க முடியும் என்று அவளை அடுப்பங்கரையில் படுக்கச் சொல்லிவிட்டுத் தான் முழித்துக்கொள்வார்.

இதில் ஒரு வேடிக்கை. அவர்கள் குடும்பத்தில் மாமியார் மருமகனிடம் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் கிடையாது. மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து காளியம்மா மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசினதில்லை. நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் மருமகன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு. எது வேண்டுமானாலும் சொம்பிடம்தான் சொல்லுவார்.

"ஏ சொம்பு, தண்ணி தீந்துபோச்சுன்னு சொல்லு."

"இதா கொண்டாறேன்னு சொல்லு சொம்பு" என்பார் இவர்.

நான் போன முதல் நாள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிவிட்டது.

கேள்வித்தாளோடு தரையில் உட்கார்ந்தேன். சின்னராசு சரம் கட்டிக்கொண்டே பதில் சொன்னார். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தது. ஸ்டவ் பக்கத்தில் ஒரு பாத்திரம் அடி கருகிக் கிடந்தது. அவருடைய சட்டைக் கையும் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது.

"அது என்னங்க?" என்றேன்.

"கஞ்சி வெக்கறப்ப கொஞ்சம் கண்ணசந்து போட்டனுங்க. ஒண்ணுமில்லீங்க."

இவர் இப்படித் தூங்கி விழுந்தால் ஒருநாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு வீடும் சேர்ந்து எரியும். எழுந்து ஓட முடியாத மனுஷி உள்ளே கிடக்கிறார். இந்த மனிதருக்குத் தூக்கம் வேண்டும், ஓய்வுக் கட்டில் இவருக்குத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். மார்க்கு குறைந்தால் போதும்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்லீங்க."

"பசி?"

"பரவாயில்லீங்க."

போச்சு. நாலு ரகம் பிரித்தோமே, அதில் 'ங்க'வைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. அந்த 'ங்க' இருக்கிறதே, அது பெருமூச்சை விழுங்கிவிடும், சலிப்பை விழுங்கிவிடும். மாப்பிள்ளை அழைப்பில் பேசுகிற மாதிரி ஒரு மரியாதை மட்டும் மிச்சம் நிற்கும். கண்ணைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால் திரை இருக்கிறதே, கட்டில் பக்கம் கண் போக வழியில்லை. காபியும் தர மாட்டார், பால் தீர்ந்துவிட்டதாம்.

"சரிங்க, தூக்கம் எப்படி இருக்கு?"

"பரவா..." என்றார். அவ்வளவுதான். தலை தொங்கிவிட்டது. குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை, கல் ரோட்டில் பாரவண்டி ஏறுகிற சத்தம். கை மட்டும் தூக்கத்திலேயே சரம் கட்டிக்கொண்டிருந்தது. நான் மடியில் வைத்திருந்த பேனாவையும் மல்லிகையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, தூங்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. ஆள் ஆழ்ந்து தூங்க ஆரம்பித்திருக்கிறார், நல்லது என்று நினைத்தேன்.

"ஏ சொம்பு! சொம்பு! எந்திரிக்கச் சொல்லு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

சின்னராசு தூக்கி வாரிப் போட்டு எழுந்தார். "தண்ணியா? மாத்திரையா? என்னன்னு கேளு சொம்பு!"

"ஒண்ணும் வேண்டாம்னு சொல்லு."

இவரும் மறுபடி உட்கார்ந்து பூவை எடுத்தார். ஒரு முனகல் இல்லை. எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. ஒன்றும் வேண்டாமாம், ஆனால் எழுப்ப வேண்டுமாம். நோயாளி என்றுகூடப் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் கேள்வியைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது, கேட்டதையே மறுபடி கேட்கவும் கூடாது என்பது விதி. மிச்சக் கேள்விக்கும் 'பரவாயில்லீங்க' என்றே பதில் வாங்கி, பேனாவைச் சரத்திலிருந்து பிரித்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை கூட்டத்தில் நான் 'பரவா' வரைக்கும் நடித்துக் காட்டி, தலையைத் தொங்கப் போட்டுக் குறட்டையும் விட்டேன். சுகுணா சுருமுரி புரையேறும்வரை சிரித்தாள். "பாதிதான் சொல்லியிருக்கார், பாதி மார்க்கு போடலாம் டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பதில் முழுசா இல்லைன்னா அந்தக் கேள்வியையே விட்டுடணும். அதுதான் விதி" என்றார்.

தூக்கத்தை விட்டுவிட்டுக் கூட்டிப் பார்த்தோம். மற்ற எல்லாக் கேள்வியிலும் சின்னராசுவுக்கு 'ங்க' போட்ட முதல் நம்பர். மொத்தத்தில், நாங்கள் பார்த்த வீடுகளிலேயே ஆனந்தமாக வாழ்கிறவர் சின்னராசு என்று முடிவு வந்தது. கட்டில் வேறொரு குடும்பத்துக்குப் போகப் போகிறது. அவர்களுக்கும் தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சின்னராசு சுகவாசின்னா நான் மைசூர் மகாராணி டாக்டர்" என்றேன். "அந்த மாமியார் அவரைத் தூங்கவே விடறதில்லை. தண்ணிக்கும் இல்லை, மருந்துக்கும் இல்லை. சும்மா எழுப்பறாங்க. உங்க தாள்ல கொடுமைக்காரக் கிழவின்னு ஒரு கட்டம் இருக்கா?"

கடிகாரம் மேசைக்கு வந்தது. நானும் சுகுணாவும் வாயை மூடிக்கொண்டோம். டாக்டரம்மா சின்னராசுவின் தாளை எடுத்து முதலிலிருந்து மறுபடி படித்தார். அப்புறம், "சும்னே யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார். "திங்கட்கிழமை நானே வர்றேன். கட்டில் அதுவரைக்கும் காலியா இருக்கட்டும். நீங்க கூட வாங்க, ஆனா பேசக் கூடாது."

திங்கட்கிழமை மத்தியானம் அந்த ஒற்றை அறையில் டாக்டரம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கையில் கடிகாரம், பக்கத்தில் தாள். கேள்வியே கேட்கவில்லை. "நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று சின்னராசுவிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். சின்னராசு நாலு பூக் கட்டினார், தூங்கிவிட்டார். பாரவண்டி ஏறியது. நின்றது. "ஏ சொம்பு! எந்திரிக்கச் சொல்லு!" மறுபடி தூங்கினார். மறுபடி நின்றது. மறுபடி சொம்பு. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு மெதுவாக எழுந்து திரையை விலக்கி உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

காளியம்மாவை நான் பெரிய ராட்சசியாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒரு முழ நீளத்துக்கு வற்றிப் போன உடம்பு, அதில் இரண்டு கண் மட்டும் முழித்துக்கொண்டிருந்தது. சாப்பிடக்கூட வாய் திறக்கத் தெம்பில்லாத மனுஷிக்கு அந்தக் கூச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"அம்மா," என்றார் டாக்டரம்மா, "குறட்டை நின்னதும் எழுப்பறீங்க. யாக்கே? ஏன்?"

காளியம்மா திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "என்ற ஊட்டுக்காரரும் இப்படித்தான் கொறட்டை உடுவாருங்க டாக்டரம்மா. ஊருக்கே கேக்கும். ஒரு நாளு கொறட்டை நின்னுது. அப்பாடா, இனி தூங்கலாம்னு நானும் தூங்கிப்போட்டேன். விடிஞ்சு பாத்தா ஆளு இல்லீங்க."

சொல்லிவிட்டு மறுபடி திரைப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"என்ற மக வெடியால ரயிலுக்குப் போயிர்றா. அவ வர்ற வரைக்கும் இவரை நாந்தானுங்க பாத்துக்கோணும்? எனக்கு எந்திரிக்க ஏலாது. காதுலதான் பாத்துக்கறனுங்க. கொறட்டை நின்னா எனக்கு நெஞ்சே நின்னுருதுங்க."

எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் தலையணையைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன். டாக்டரம்மா என்ன செய்தார் தெரியுமா? பையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார். கவனிப்பவர் பெயர் என்ற இடத்தில் காளியம்மா என்று எழுதினார். நோயாளி பெயர், சின்னராசு. அப்புறம் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, விதிப்படி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்.

"தூக்கம் எப்படி இருக்கும்மா?"

"எங்கீங்க தூங்கறது? ராப்பகலா இவரைக் காவல் காக்கறது சும்மாவா? ரொம்ப மோசமுங்க" என்றார் காளியம்மா.

அத்தனை வீட்டிலும் அலைந்ததில் பரவாயில்லை என்று சொல்லாமல் நேராகப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஓய்வுக் கட்டில் பேச்சை டாக்டரம்மா எடுத்தார். கொஞ்ச நாள் மையத்துக்கு வாருங்கள், மாப்பிள்ளை தூங்கட்டும் என்றார். "அப்ப அவரு கொறட்டையை யாரு பாப்பாங்க?" என்றார் காளியம்மா. சரி, அவரையும் அங்கேயே படுக்கச் சொல்கிறோம் என்றதற்கு, "பொம்பளைக இருக்கற எடத்துல அவரு எப்படீங்க படுப்பாரு?" என்றார். வாதத்தில் ஜெயிக்க முடியவில்லை. டாக்டரம்மா கடிகாரத்தைக் கழற்ற இடம் தேடினார், அங்கே மேசையே கிடையாது.

அப்போது அவர் கண் தரையில் கிடந்த பூக்கட்டும் நூல்கண்டில் விழுந்தது. "உயிரோட இருக்காரான்னு தெரிஞ்சா போதும்தானே? நூல் போதும்" என்றார். ஒரு முனையைச் சின்னராசுவுக்குக் கட்டுவது, மறு முனை காளியம்மா கையில். குறட்டை நின்றால் மெதுவாக ஒரு இழுப்பு. அவர் தூக்கத்திலேயே பதிலுக்கு ஒரு இழுப்பு இழுத்தால் ஆள் இருக்கிறார். கூச்சல் வேண்டாம், எழுப்ப வேண்டாம். விஞ்ஞானம். சொன்ன வேகத்தில் நூலை அறுத்துக்கொண்டு போய், தூங்கிக்கொண்டிருந்த சின்னராசுவின் கால் கட்டைவிரலில் சுற்ற ஆரம்பித்தார்.

காளியம்மா திரை இடுக்கில் பார்த்துவிட்டு, "ஐயோ, கால்விரல்ல கட்டறாங்களே சொம்பு!" என்று போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. பிணத்துக்கல்லவா கால் கட்டைவிரலைக் கட்டுவார்கள். டாக்டரம்மாவுக்கும் தெரியாத வழக்கமில்லை. அளவு யோசனை தலைக்கேறினால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். சின்னராசு எழுந்து தன் காலைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், "நான் போயிட்டனுங்களா?" என்றார்.

பேசக் கூடாது என்ற விதியை நான் அப்போதுதான் மீறினேன். "கையில கட்டலாமே டாக்டர், கோயிலுக்குக் காப்புக் கட்டற மாதிரி." காளியம்மாவுக்கு ஒரு சந்தேகம். மாப்பிள்ளையைத் தொடக் கூடாது, ஆனால் நூலைத் தொடலாமா? டாக்டரம்மா சொம்பைப் பார்த்தே கேட்டார்: "நூலுக்கு மரியாதைக் குறைச்சல் உண்டா?" உள்ளேயிருந்து பதில் வந்தது. "காப்புன்னா சரின்னு சொல்லு சொம்பு."

மணிக்கட்டில் கட்டினோம். திரைக்கு அடியில் நூல் போயிற்று. சின்னராசு படுத்தார். பாரவண்டி ஏறியது, நின்றது. நூல் ஒரு தடவை ஆடியது. சின்னராசு கண்ணைத் திறக்காமலே கையை ஒரு சுண்டு சுண்டினார். குறட்டை மறுபடி ஏறியது. "இருக்காருன்னு சொல்லு" என்று சொம்புக்குச் செய்தி போயிற்று. பழனியம்மா பேக்டரியிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறவரை அந்த மனிதர் தூங்கினார். அவள் எங்களைப் பார்த்துப் பயந்து, புருஷனைப் பார்த்து, கையிலிருந்த நூலைப் பார்த்து, "என்னங்க சிஸ்டர், ஓடிப் போயிருவாருன்னு கட்டிப் போட்டுட்டீங்களா?" என்றாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் கருகின பாத்திரத்தை நான் பார்க்கவில்லை. கட்டில் மற்றக் குடும்பத்துக்கே போயிற்று. சின்னராசுவின் கண்ணில் சிவப்பு குறைந்தது, சரம் கோணாமல் வந்தது, என் பேனா தப்பித்தது. ராத்திரியில் அவர்கள் இழுத்துக்கொள்வது போகப் போகக் குறைந்து, விடிவதற்குள் மாமியார் ஒரு தடவை, மருமகன் ஒரு தடவை என்று ஆகிவிட்டதாம். நான் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால், "அத்தை கூப்புடுவாங்க, நான் இருக்கேன்னுவேன், அவ்வளவுதானுங்க" என்பார். சொம்பு மட்டும் சும்மா இருந்தது. எங்கள் கேள்வித்தாளில் அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை. டாக்டரம்மா ஓரத்தில் கையால் எழுதிக்கொண்டார்.

தீபாவளி கழிந்த வாரம், பழனியம்மாவுக்கு வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் காளியம்மா போய்விட்டார். வலி இல்லாமல், தூக்கத்திலேயே. நோயாளி போன பிறகும் ஒரு தடவை கவனித்தவரிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது விதி. கருமாதி எல்லாம் முடிந்து சில நாள் விட்டுப் போனேன். திரையை எடுத்துவிட்டிருந்தார்கள். அறை பெரிதாகத் தெரிந்தது. சின்னராசு சரம் கட்டிக்கொண்டிருந்தார். காபி போட்டுக் கொடுத்தார், விதியைப் பார்க்காமல் முதலிலேயே குடித்துவிட்டேன்.

உடம்பு கேட்டேன், பசி கேட்டேன். எல்லாம் 'பரவாயில்லீங்க'. தூக்கம் எப்படி இருக்கு என்று கேட்டேன்.

அவர் பூவைக் கீழே வைத்தார். "வரமாட்டீங்குதுங்க சிஸ்டர். அசந்தா ஒடனே முழிப்பு வந்துருது. ஒரே ஒரு நாளுதானுங்க நல்லாத் தூங்கினேன். அத்தை போன அன்னைக்கு. வெயிலு மூஞ்சியில அடிச்சுதானுங்க எந்திரிச்சேன். ராவெல்லாம் யாருமே நூலை இழுக்கலீங்க."